கோட்டுப் போட்ட படம்

வெள்ளவத்தை,
14.01.2024

அன்பின் மேனுகாவுக்கு,

இங்கு நானும் அப்பாவும் சுகம். லிஃப்ட்தான் சுகமில்லை. கார்த்திகையில் படுத்தது, நாளைக்குப் பொங்கல், இன்னும் எழும்பவில்லை. நீர் போர்ட்ஸ்மத் குளிரில் ஆஸ்பத்திரி வேலைக்கும் வீட்டுக்குமாக ஓடிக் களைத்துப் போகாமல் இருக்க வேண்டும்.

இதை ரியூஷன் சென்டர் கம்பியூட்டரில் இருந்து எழுதுகிறேன். என் போனில் ஒரு சத்தம் கேட்டால் போதும், அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டு, எடுத்து, உரத்து வாசிக்கிறார். போன கிழமை என் மாணவி ஒருத்தி அனுப்பிய காதல் கவலையை முழுதாக வாசித்து, அவளுக்குப் புத்தியும் சொல்லிவிட்டார். அதனால் உம்முடைய புருஷனைப் பற்றிய முறைப்பாட்டை இப்படித்தான் அனுப்ப முடியும்.

இங்கிலாந்து நேவியில் சேர்ந்ததை மறைத்து, பயணிகள் கப்பலில் சமையல்காரன் என்று என் தம்பி கஜன் அப்பாவிடம் சொல்லி ஒன்பது வருஷம். சரி, சொன்னான். சமையல் உண்மை, கப்பல் உண்மை, பாதிப் பாவம்தான் என்று நானும் விட்டுவிட்டேன். அதோடு வாயை மூட வேண்டியதுதானே? நேற்று போனில் கப்பலில் நீச்சல் தடாகம் இருக்கிறதாம், இரவில் டான்ஸ் நடக்கிறதாம், ஒரு வெள்ளைக்காரக் கிழவி இவனுடைய பருப்புக் கறிக்காகவே மூன்றாம் முறையும் டிக்கெட் எடுத்தாளாம். அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கீழ்க் கடை பௌஸி நானா தன் மகனுக்கு அந்தக் கப்பலில் வேலை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார். பொய் சொன்னவன் கடலில். அதற்குக் காவல் நிற்பவள் நான், மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாமல்.

இவன் ஊருக்கே சமைத்துப் போடுகிறான் என்பதை நம்பவும் எனக்குக் கஷ்டம். வீட்டில் இருந்த காலத்தில் தேத்தண்ணீருக்கு மூட்டிய அடுப்பை ஒரு நாளாவது அணைத்தானா? கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்த அப்பா, நெருப்பென்றால் நடுங்குகிற மனுஷன். "நீ ஒரு நாளைக்கு வெள்ளவத்தையையே கொளுத்துவாய்" என்று அவன் பின்னாலேயே திரிவார். அவனுக்குச் சொல்லும், அளந்து பொய் சொல்லட்டும்.

அன்புடன்,
ரஜனி மச்சாள்


போர்ட்ஸ்மத்,
20.01.2024

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவருடைய கப்பல் செங்கடல் பக்கம் போயிருக்கிறது. நீச்சல் தடாகக் கதை எல்லாம் அதனால்தான். பயம் கூடக் கூட அவருக்குக் கதையும் கூடும்.

அவர் சமையல்காரர்தான். ஆனால் கப்பலில் அலாரம் அடித்தால் கரண்டியை வைத்துவிட்டு நெருப்பு அணைக்கிற உடுப்பைப் போடுகிற ஆளும் அவர்தான். அங்கே ஆகாயத்தால் குண்டு வருகிறது, மச்சாள். ஏதாவது நடந்தால் மாமாவுக்கு நாங்கள் என்ன சொல்வது? எத்தனை தரம் கேட்டுவிட்டேன். "அப்பாவுக்கு முன்னால நிக்கிறதை விட ஏவுகணைக்கு முன்னால நிக்கலாம்" என்கிறார். இதென்ன கதை? எழுபத்தைந்து வயது மனிதர் என்ன செய்துவிடுவார்?

பதவி உயர்வு கிடைத்த அன்று எடுத்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன். சீருடையும் தொப்பியுமாக நிற்கிறார். தொப்பிக்கு இரண்டு பக்கமும் காது அகப்பைபோல நீட்டிக்கொண்டு நிற்பதைப் பாருங்கள். இதைக் கூடத்தில் மாட்டி, உண்மையைச் சொல்லிவிடுங்கள். கொட்டாஞ்சேனையில் என் அம்மா இதே படத்தைக் கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறா. பெற்றவர் வீட்டில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

அன்புடன்,
மேனுகா


வெள்ளவத்தை,
02.02.2024

அன்பின் மேனுகாவுக்கு,

படம் கிடைத்தது. மாட்ட மாட்டேன். கொட்டாஞ்சேனையில் எதை வேண்டுமென்றாலும் மாட்டட்டும்.

எங்கள் அம்மா படகில் போய்த் திரும்பவில்லை என்பது உமக்குத் தெரியும். மிச்சத்தைக் கஜன் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. தொண்ணூற்று மூன்றில் தன் தங்கையின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போன அம்மா, கடல் நீரேரியால் படகில் திரும்பி வந்துகொண்டிருந்தா. அன்றிரவு கடலில் சண்டை. படகு கரைக்கு வரவில்லை. சுட்டது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராக ஏறி இறங்கினார். ஒரு பதிலும் இல்லை. அன்றிலிருந்து கடலில் துவக்கோடு நிற்கிற எவனையும் அவர் மன்னிக்கவில்லை, எந்தப் பக்கத்தவன் என்றாலும், எந்த நாட்டவன் என்றாலும். கடல் பக்க ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டார்.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, கிரியை செய்யலாம் என்று குருக்கள் வந்து சொன்னார். அப்பா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். "உடம்பைக் காட்டுங்கோ, பிறகு பாப்பம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கட்டிடம் ஒழுகுகிறது, லிஃப்ட் அடிக்கடி படுக்கிறது, வீடு மாறுவோம் என்று வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்துகிறேன். மாறமாட்டாராம். ஏனென்றால் அம்மாவுக்கு இந்த விலாசம்தான் தெரியுமாம்! முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வந்து இதைச் சொல்லுகிற மனுஷனிடம், உங்கள் மகன் நேவிக்காரன் என்று நான் எப்படிச் சொல்ல?

அவன் வரட்டும். வந்து, முன்னால் நின்று, தானே சொல்லட்டும். அடியை அவனே வாங்கட்டும். கவனமாக இருக்கச் சொல்லும்.

ரஜனி


வெள்ளவத்தை,
01.03.2024

அன்பின் மேனுகா,

போனில் இரண்டு பேரும் அழுததில் நான் ஒன்றும் ஒழுங்காகக் கேட்கவில்லை. நீர் சாப்பிடுகிறீரா? உம்மோடு யாராவது இருக்கிறார்களா?

நீர் சொன்னதில் ஒன்றே ஒன்று என் தலையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கப்பலில் குண்டு விழுந்ததும் மற்றவர்களை வெளியே தள்ளிவிட்டு, கொதிக்கிற எண்ணெய் அடுப்பை அணைக்கத் திரும்பிப் போனான் என்று. மேனுகா, வீட்டில் ஒரு நாளாவது அணைத்தானா? ஒரு நாள்? எனக்கு அவன் மேல் வருகிற கோபத்துக்கு அவன் மட்டும் முன்னால் நின்றால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன்.

இன்னொன்றையும் உமக்குச் சொல்ல வேண்டும். நீர் போன் எடுப்பதற்கு முதல் நாள் காலை, அப்பா பேப்பர் வாசித்தார். செங்கடலில் போர்க்கப்பல் மேல் தாக்குதல், மாலுமிகள் இருவரைக் காணவில்லை என்று கடைசிப் பக்கத்தில் நாலு வரி. வழக்கம்போல எனக்கு உரத்து வாசித்துக் காட்டிவிட்டு, "பாவம், ஆரோ பெத்த பிள்ளையள்" என்றார். நான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கப்பலின் பெயர் போடவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு மிச்சப் பாணையும் வெட்டினேன்.

அப்பாவிடம் பயணிகள் கப்பலில் தீ என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? "உடம்பு எப்ப வரும்?" என்றார். கிடைக்கவில்லை அப்பா என்றேன். "அப்ப பாப்பம்" என்று சொல்லிவிட்டு, காஸ் சிலிண்டரை மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அதே சொல்.

மரண அறிவித்தல் போட வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கிறது. படத்துக்கு ஒரு வழி செய்திருக்கிறேன்.

ரஜனி


போர்ட்ஸ்மத்,
04.03.2024

ரஜனி மச்சாளுக்கு,

இணையத்தில் மரண அறிவித்தலைப் பார்த்தேன். "வெள்ளவத்தையைப் பிறப்பிடமாகவும் போர்ட்ஸ்மத்தை வசிப்பிடமாகவும் கொண்ட சவுந்தரநாயகம் கஜேந்திரன் கப்பல் விபத்தில் காலமானார்." விபத்து! அவர் வழுக்கி விழுந்தாரா?

அந்தப் படத்தில் இருப்பது யார்? நான் அனுப்பிய படத்தில் சீருடையைக் கழற்றி, யாரோ ஒருவருடைய கோட்டையும் கழுத்தில் சிவப்பு ரையையும் போட்டிருக்கிறீர்கள். தொப்பியை எடுத்துவிட்டுச் சினிமாக்காரன் மாதிரி மயிர் நட்டிருக்கிறீர்கள். அவருக்கு நெற்றியில் எப்போது அவ்வளவு மயிர் இருந்தது? காதைக் காணவில்லை. எனக்கு உடலும் இல்லை, அவர் கடைசியாக எப்படிக் கிடந்தார் என்றும் தெரியாது. முகம் ஒன்றுதான் மிச்சம். அதையும் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மாற்றிவிட்டீர்களே!

இங்கே அவருடைய பெயரைச் சொல்லிக் கொடியை இறக்கினார்கள். அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் நிரையாக நின்று அழுதார்கள். அவருடைய அக்கா அவரை நினைத்து வெட்கப்படுகிறா.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

மேனுகா


வெள்ளவத்தை,
09.03.2024

அன்பின் மேனுகா,

எழுத வேண்டாம் என்றீர். எழுதாமல் முடியாது. கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை மட்டும் வாசியும்.

படம் நான் செய்தது. ஸ்டூடியோக்கார அப்ஹாம், இங்கே எல்லோருடைய மரண அறிவித்தலுக்கும் கோட்டுப் போட்டுக் கொடுக்கிறவர். சாரத்தோடு செத்தவரும் கோட்டோடுதான் போஸ்டரில் நிற்பார். "கோட் போட ஏலும் அக்கா. தொப்பிய எடுத்தா முடி எப்பிடி இருந்திச்சி எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். ஏதாவது போடுங்கள் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் ஓடவில்லை.

இப்போது கேளும். போஸ்டர் அச்சாகி வந்ததும் அப்பா கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு ஒரு தெளிந்த முகத்தோடு திரும்பி வந்து, "இது ஆர்?" என்றார்.

"கஜன், அப்பா" என்றேன்.

"விசர் கதை கதையாதை. இது என்ரை மோன் இல்லை. ஆரையோ மாறிச் சொல்லிப்போட்டாங்கள்."

நான் மன்றாடிப் பார்த்தேன். அவர் ஒரு வக்கீலைப் போல வாதாடுகிறார். "பயணிகள் கப்பல் எரிஞ்சால் பேப்பரில ஒரு மூலையிலையாவது வராதோ? நான் முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிறனான்" என்றார். "அடுப்பை அணைக்கப் போனவன், அப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சிரித்தார், மேனுகா. பல்லுத் தெரியச் சிரித்தார். "கஜனோ? அடுப்பை நிப்பாட்டப் போனவனோ? அப்ப அது நிச்சயமா வேறை ஆரோ."

மாடி மாடியாகப் போய், செய்தி பிழை, மகன் வருவான், ஒருவரும் அழ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பௌஸி நானா என்னைக் கூப்பிட்டு, "என்ன தங்கச்சி இது?" என்று கேட்கிறார். நேற்றுப் பின்னேரம் தம்பியின் அறையைக் கூட்டி, மெத்தைக்குப் புது உறை போட்டார். அம்மாவுக்கு முப்பது வருஷமாகச் செய்வதை இவனுக்கும் தொடங்கிவிட்டார். நான் இரண்டு பேருக்குக் காத்திருக்கிற வீட்டில் இருந்து சாக வேண்டி வரும்போல இருக்கிறது.

மறைத்ததை இனிக் காட்டாமல் தீராது. நீர் முதல் அனுப்பிய படம் அச்செடுத்தாலும் சின்னதாக இருக்கிறது. அவருடைய கண்ணுக்குக் காணாது. பெரிதாக ஒன்று அனுப்பும், சீருடை, தொப்பி, காது எல்லாவற்றோடும். எனக்காக வேண்டாம். கஜனைச் செத்தவனாக ஏற்றுக்கொள்ள ஒரு ஆள் தேவை, மேனுகா. அது அவனைப் பெற்றவராக இருக்கட்டும்.

ரஜனி


போர்ட்ஸ்மத்,
13.03.2024

மச்சாள்,

பெரிய படம் இத்துடன். பார்சலிலும் ஒன்று அனுப்பியிருக்கிறேன், சட்டம் போட்டது.

காதைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். இடது காது மடிந்திருக்கும். அது அம்மாவின் காது என்று அவர் சொல்லுவார். வேறு ஒன்றும் அம்மாவைப் பற்றி அவருக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு இன்னும் கோபம்தான்.

மேனுகா


வெள்ளவத்தை,
02.04.2024

அன்பின் மேனுகா,

முதலில், பார்சல் வந்தது. தபால்காரர் மூன்று மாடி ஏறமாட்டேன் என்று கீழே நின்று சிங்களத்தில் கத்தினார். நான் இறங்குவதற்குள் அப்பா இறங்கிப் போய்க் கையெழுத்து வைத்துத் தானே வாங்கிவிட்டார். எப்படிக் காட்டுவது, எப்படித் தொடங்குவது என்று நான் ஒரு கிழமையாக யோசித்தது எல்லாம் வீண். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து கத்தரிக்கோல் இல்லாமல் பல்லாலேயே பிரித்துக்கொண்டிருந்தார்.

நான் மேல் படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நேவி என்றேன். பொய் என்றேன். செங்கடல் என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எந்த நாட்டு நேவி?" என்றார்.

"இங்கிலாந்து, அப்பா."

"குக்தானே?"

"ஓம், அப்பா. குக்தான்."

"துவக்குப் பிடிச்சவனோ?"

தெரியாது என்றேன். உண்மையாக எனக்குத் தெரியாது. விரலால் கண்ணாடிச் சட்டத்துக்கு மேல் அந்த இடது காதைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழும்பி வீட்டுக்குள் போய், பழைய சாமான் வாங்குகிற போத்தல் பத்திரக்காரனுக்குக் கொடுக்கக் கட்டி வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டை அவிழ்த்தார். ஒவ்வொன்றாகக் கிளறி, அந்த நாலு வரி வந்த பக்கத்தை எடுத்து மேசையில் விரித்தார். படத்தை அதன் மேல் வைத்தார்.

"இதை நான்தானே பிள்ளை உனக்கு வாசிச்சுக் காட்டினனான்" என்றார்.

அப்பா அழுவதை நான் முதல் தரம் பார்த்தேன், மேனுகா. எனக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்தார், தானே கழுவினார். நாலாம் நாள் வாய் திறந்ததும் ஏச்சுத்தான். "அவன் பயந்தவன், சரி. நீ ஏன் பயந்தனீ? ஒன்பது வருஷம் என்ரை மோன் என்ன வேலை செய்யிறான் எண்டு கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. கடைசியில அவன்ரை காதையும் வெட்டிப்போட்டியள்." நேவிக்குப் போனதற்கு அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. ஒளித்ததற்குத்தான் ஏசினார். நாங்கள் ஒன்பது வருஷம் எதற்குப் பயந்தோம் என்று எனக்கு இப்போது விளங்கவில்லை. இதைக் கஜனுக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

நேற்றுக் கிரியை நடந்தது. குருக்களை அப்பாதான் கூப்பிட்டார். வாசலோடு திருப்பி அனுப்பியவரின் மகன் இவர். தர்ப்பையால் உருவம் செய்ய ஆயத்தப்படுத்திக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கஜேந்திரன், அனுஷம் என்று அப்பா சொன்னார். குருக்கள் புல்லை எடுத்து முடியத் தொடங்கினார்.

"ரெண்டு செய்யுங்கோ, ஐயா" என்றார் அப்பா.

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மற்றது என்ரை மனுசி. ஜீவராணி. உத்தரம்." ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். "தாயும் பிள்ளையும் ஒண்டாய்ப் போகட்டும். அவனுக்கு அவளை வடிவாத் தெரியாது. அவள் அவனைக் கண்டுபிடிப்பாள்."

இரண்டுக்கும் அவரே கொள்ளி வைத்தார். பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதையைத் தாண்டி இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று சாம்பலைக் கரைத்தார். அவர் கடலில் கால் வைத்ததை என் அறிவுக்கு நான் கண்டதில்லை. கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். அலை அடித்து வேட்டி முழுக்க நனைந்தது. அதற்கும் என்னைத்தான் ஏசினார்.

உம்முடைய படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில். ஆணி அடித்தது அப்பா. கோணலாக இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றார். கோட்டுப் போட்ட போஸ்டர்களை எல்லாம் நான் கிழித்துவிட்டேன். இணையத்திலும் படத்தை மாற்றி, விபத்து என்ற சொல்லை எடுத்து, அவன் என்ன வேலையில், எங்கே செத்தான் என்று எழுதச் செய்திருக்கிறேன். பாரும். பிழை இருந்தால் ஏசும், நான் திருத்துகிறேன். நீர் கோபத்தோடேயே வரலாம். இங்கே கோபமில்லாமல் யார் இருக்கிறார்கள்? அவனுடைய தொப்பி உம்மிடம் இருந்தால் கொண்டு வாரும். அப்பா தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.

ஒரு செய்தியை விட்டுவிட்டேன். நேற்றுக் கடலில் இருந்து திரும்பி, ஈர வேட்டியோடு இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளை, லிஃப்ட் வேலை செய்யிற வீடு ஒண்டு பார்."

இத்தனை வருஷமாக நான் கத்திய கத்து, மேனுகா. கேட்டதும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குழறி அழுதேன். அப்பா பக்கத்தில் நின்று, வழியை மறிக்காதே என்று ஏசிக்கொண்டிருந்தார்.

பம்பலப்பிட்டியில் ஒன்று பார்த்திருக்கிறேன். சரிவந்தால் புது விலாசத்தை முதலில் உமக்குத்தான் எழுதுவேன்.

அன்புடன்,
உம்முடைய மச்சாள்
ரஜனி